நின்ற வண்டியும் பழைய பெட்ரோலும்

பால் கெடும். மாவு புளிக்கும். தேங்காய் எண்ணெய் நாள் பட்டால் காறல் வாடை அடிக்கும். இவை நமக்குத் தெரியும். பெட்ரோல் கெடுமா?

கெடும். ஆனால் அது கெட்டது நம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. டேங்கின் மூடி மூடியே இருக்கும். வண்டியைக் குலுக்கினால் உள்ளே தளும்பும் சத்தம் கேட்கும். "பெட்ரோல்தான் இருக்கிறதே" என்று நினைத்துக் கிக்கரை மிதிப்போம். பத்து முறை மிதிப்போம். இருபது முறை மிதிப்போம். கால் வலிக்கும். வண்டி கிளம்பாது. அன்றைய வேலை போகும். அன்றைய கூலியும் போகும்.

பெங்களூரில் பதிவான வண்டிகள் ஒரு கோடிக்கும் மேல். அவற்றில் பெரும் பகுதி இருசக்கர வண்டிகள். கொத்தனார், எலக்ட்ரீசியன், பூ விற்பவர், பால் போடுபவர், வீட்டுக்கு வீடு சாப்பாடு கொண்டு போகும் இளைஞர் எல்லோருக்கும் வண்டிதான் கை கால். அந்த வண்டி ஒரு மாதம், இரண்டு மாதம் நிற்க நேர்ந்தால் அதற்குள் என்ன நடக்கிறது? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

2020-இல் நடந்தது

2020-ஆம் ஆண்டு மார்ச் 25. கொரோனா நோய்க்காக நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கியது. முதலில் 21 நாள் என்றார்கள். பிறகு நீட்டினார்கள். மறுபடியும் நீட்டினார்கள். மே 31 வரை போயிற்று.

பெங்களூரில் வேலை நின்றது. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் பலர் ஊருக்குப் போனார்கள். வண்டியை வாடகை வீட்டு வாசலிலேயே விட்டுப் போனவர்களும் உண்டு. தெருவில் வண்டி ஓட்டியவர்களிடமிருந்து போலீசார் ஆயிரக்கணக்கான வண்டிகளைப் பிடித்து வைத்தார்கள். மே மாதத்தில்தான் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை அந்த வண்டிகள் திறந்த வெளியில் ஏப்ரல் மாத வெயிலில் நின்றன. இடையிடையே கோடை மழையும் பெய்தது.

அடுத்த ஆண்டும் இதே கதைதான். 2021 ஏப்ரல் கடைசியில் கர்நாடகத்தில் மறுபடியும் கட்டுப்பாடு வந்தது. ஜூன் நடுவில்தான் தளர்ந்தது.

இப்படி நின்ற வண்டிகளுக்குப் பொதுவாக மூன்று கோளாறுகள் வரும். டயரில் காற்று இறங்கும். பேட்டரி சார்ஜ் இழக்கும். பெட்ரோல் பழையதாகும். முதல் இரண்டையும் எல்லோரும் எளிதில் கண்டுபிடிப்பார்கள். மூன்றாவதைப் பலர் நம்புவதே இல்லை.

ஊரடங்கு முடிந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் வண்டி நிற்கும் காரணங்கள் தீரவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறோம். அறுவடை முடியும் வரை தங்குகிறோம். மகள் பிரசவத்துக்காக மூன்று மாதம் போகிறோம். கை கால் முறிந்து படுத்திருக்கிறோம். வண்டி பாட்டுக்கு நிற்கிறது.

பெட்ரோல் ஒரே பொருள் அல்ல

தண்ணீர் ஒரே பொருள். பெட்ரோல் அப்படி அல்ல. பூமிக்கு அடியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைக் காய்ச்சிப் பிரித்துப் பெட்ரோல் செய்கிறார்கள். அதில் நூற்றுக்கணக்கான பொருள்கள் கலந்திருக்கின்றன. சில லேசானவை. சில கனமானவை.

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் என்ன ஆகிறது? நாலு நாளில் சிறுத்துப் போகிறது. காற்றில் கலந்துவிடுகிறது. பெட்ரோலில் உள்ள லேசான பொருள்களும் அப்படித்தான். அவை முதலில் ஆவியாகிப் போகும். கனமானவை தங்கிவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. காலைக் குளிரில் வண்டி கிளம்புவதற்கு உதவுவது அந்த லேசான பொருள்கள்தான். அவை எளிதில் ஆவியாகும், எளிதில் தீப்பற்றும். அவை போய்விட்டால் மிச்சம் இருக்கும் பெட்ரோலுக்குச் சோம்பல். பிளக்கில் பொறி வந்தாலும் சட்டென்று பற்றிக்கொள்ளாது. பெங்களூரின் மார்கழிக் குளிரில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

டேங்க் மூடியிருக்கிறதே, எப்படி ஆவியாகும் என்று கேட்கலாம். டேங்க் மூச்சு விட வேண்டும். பெட்ரோல் குறையக் குறைய வெளிக்காற்று உள்ளே வரவேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் கீழே இறங்காது. அதற்காக மூடியில் அல்லது வேறு இடத்தில் ஒரு சிறு வழி வைத்திருப்பார்கள். பகலில் வெயில் பட்டு டேங்க் சூடாகும். ஆவி வெளியே போகும். இரவில் குளிரும். வெளிக்காற்று உள்ளே வரும். அந்தக் காற்றோடு ஈரமும் வரும்.

சட்டியின் விளிம்பில் பிசுக்கு

சமையல் எண்ணெய்ச் சட்டியைப் பாருங்கள். விளிம்பில் பழுப்பாக ஒரு பிசுக்கு ஒட்டியிருக்கும். கை வைத்தால் ஒட்டும். சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் எளிதில் போகாது. எண்ணெய் காற்றோடு சேர்ந்து நாளாக ஆக இப்படி இறுகுகிறது.

பெட்ரோலிலும் இதே வேலை நடக்கிறது. காற்றில் உள்ள ஆக்சிஜன் பெட்ரோலில் உள்ள சில பொருள்களோடு சேர்கிறது. மெல்ல மெல்லக் கோந்து போல ஒன்று உண்டாகிறது. இது டேங்கில் இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. கார்புரேட்டருக்குப் போனால்தான் தொல்லை.

கார்புரேட்டர் என்பது என்ன? பெட்ரோலையும் காற்றையும் சரியான அளவில் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம். அதன் அடியில் ஒரு சிறு கிண்ணம் உண்டு. அதில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும். ஒரு சிறிய டம்ளர் அளவுகூட இராது. கிண்ணத்திலிருந்து பித்தளையால் ஆன சின்னக் குழாய்கள் வழியாகப் பெட்ரோல் மேலே போகும். இவற்றுக்கு ஜெட் என்று பெயர். வண்டி நின்ற இடத்தில் ஓடும்போது பயன்படும் சின்ன ஜெட்டின் ஓட்டை அரை மில்லிமீட்டரைவிடச் சிறியது.

இப்போது நினைத்துப் பாருங்கள். கிண்ணத்தில் இருப்பதோ கொஞ்சம் பெட்ரோல். அது விரைவில் வற்றும். வற்றியபின் பாத்திரத்தில் காய்ந்த பாகு மாதிரி கோந்து தங்கும். அந்தக் கோந்து ஊசிமுனை ஓட்டையை அடைக்கும். டேங்க் நிறையப் புதுப் பெட்ரோல் ஊற்றினாலும் பயன் இல்லை. வாசல் அடைத்திருக்கிறது.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளில் இது இன்னும் மோசம். அவற்றில் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்றுவோம். பெட்ரோல் ஆவியாகப் போய்விடும். ஆயில் போகாது. கிண்ணத்தின் அடியில் பிசின் மாதிரி உட்கார்ந்துவிடும். மைசூரில் 1961 முதல் 1996 வரை ஒரு தொழிற்சாலை ஜாவா, யெஸ்டி வண்டிகளைச் செய்தது. அந்த வண்டிகளை இன்றும் ஆசையாக வைத்திருப்பவர்கள் பெங்களூரில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுப்பார்கள். கார்புரேட்டர் கிண்ணத்தைக் கழற்றித் துடைப்பது அவர்களுக்குப் பல் துலக்குவது மாதிரி.

கரும்பிலிருந்து வந்த சாராயம்

இன்று பங்கில் நமக்குக் கிடைப்பது வெறும் பெட்ரோல் அல்ல. அதில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் என்பது சாராயத்தில் இருக்கும் அதே பொருள்தான். கரும்புச் சாறு, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகு, மக்காச்சோளம், அரிசி ஆகியவற்றிலிருந்து எடுக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வாங்கும் எண்ணெயின் அளவைக் குறைக்கலாம், கரும்பு விவசாயிக்கும் வருமானம் கிடைக்கும் என்பது அரசின் எண்ணம்.

2022 ஜூன் மாதத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கு எத்தனால் என்ற அளவை நாடு எட்டியது. அடுத்த கட்டம் நூற்றுக்கு இருபது பங்கு. இதற்கு இ-20 என்று பெயர். இந்தப் பெட்ரோலின் விற்பனையைப் பிரதமர் தொடங்கி வைத்தது நம் பெங்களூரில்தான். நாள் 2023 பிப்ரவரி 6. துமகூரு சாலையில் உள்ள கண்காட்சி வளாகத்தில் அந்த விழா நடந்தது. முதலில் 11 மாநிலங்களிலும் யூனியன் பிரதேசங்களிலுமாக 84 பங்குகளில் விற்றார்கள். 2025-க்குள் அது நாடெங்கும் பரவிவிட்டது.

எத்தனாலின் நல்லது கெட்டது பற்றி நிறைய வாதம் நடக்கிறது. மைலேஜ் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஒரு லிட்டர் எத்தனால் தரும் சூடு, ஒரு லிட்டர் பெட்ரோல் தருவதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆனால் நம் கதைக்கு வேண்டியது வேறு ஒன்று. எத்தனாலுக்குத் தண்ணீர் என்றால் கொள்ளை ஆசை.

பெட்ரோலும் தண்ணீரும் ஒட்டாது. எண்ணெயும் தண்ணீரும் போலத்தான். எத்தனால் அப்படி அல்ல. காற்றில் உள்ள ஈரத்தைக்கூட இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். மழைக்காலத்தில் திறந்து வைத்த உப்பு கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கொஞ்சம் ஈரம் சேர்ந்தால் தொல்லை இல்லை. பெட்ரோலோடு கலந்து எரிந்துபோகும். பத்துப் பங்கு எத்தனால் உள்ள பெட்ரோல் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் தண்ணீரைத் தாங்கும். இ-20 இன்னும் சற்று அதிகமாகத் தாங்கும். அந்த எல்லை தாண்டினால் ஒரு நாள் திடீரென்று உறவு முறியும். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு சேர்ந்து அடியில் போய்ப் படுத்துவிடும். மேலே பெட்ரோல், கீழே சாராயத் தண்ணீர். இரவுக் குளிரில் இது இன்னும் எளிதாக நடக்கும்.

எஞ்சினுக்குப் பெட்ரோல் எங்கிருந்து போகிறது? டேங்கின் அடியிலிருந்து. அப்படியானால் முதலில் போவது எது? அந்தச் சாராயத் தண்ணீர். வண்டி எப்படிக் கிளம்பும்?

தகர டேங்கின் அடியில் தண்ணீர் நின்றால் துருவும் பிடிக்கும். துருத்தூள் போய் ஜெட்டை அடைக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாயும் வாஷரும் எத்தனாலில் ஊறிக் கெட்டுப்போகலாம். 2023-க்கு முன் வந்த வண்டி என்றால் அந்த ரப்பர் பாகங்களை ஆண்டுக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள். வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். பெட்ரோல் கசியும் குழாயோடு வண்டியை வீட்டுக்குள் நிறுத்துவது ஆபத்து.

எத்தனை நாள் தாங்கும்?

நாள் கணக்கை அடித்துச் சொல்ல முடியாது. டேங்கில் எவ்வளவு இருக்கிறது, வெயிலா நிழலா, மூடி சரியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்து மாறும். ஆனால் ஒரு குத்துமதிப்பு உண்டு.

ஒரு மாதம் வரை பயம் இல்லை. இரண்டு மூன்று மாதம் ஆனால் சந்தேகப்படலாம். ஆறு மாதம் தாண்டினால் டேங்கில் இருப்பதைப் பெட்ரோல் என்று நம்ப வேண்டாம். டேங்க் நிறைய இருந்தால் மெதுவாகக் கெடும். கால் டேங்க் இருந்தால் விரைவாகக் கெடும். காலி இடத்தில் காற்று இருக்கிறது, காற்றில் ஈரம் இருக்கிறது அல்லவா?

எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு மெக்கானிக் கடை. காலை நேரம். பூ விற்கும் பெண்மணி ஒருவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வருகிறார். அங்கே இப்படி ஒரு பேச்சு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"என்ன அக்கா, வண்டி படுத்துக்கிச்சா?"

"ஆமா தம்பி. மூணு மாசம் ஊர்ல இருந்தேன். நேத்துதான் வந்தேன். விடியகாலை மார்க்கெட்டுக்குப் போகணும்னு எடுத்தா கிளம்பவே இல்ல. ஆட்டோல போய்ப் பூ எடுத்தாந்தேன். வர்ற லாபம் ஆட்டோவுக்கே போச்சு."

"சோக் போட்டுப் பாத்தீங்களா?"

"போட்டா டுர்ருனு வருது. எடுத்தா நின்னுடுது."

"பெட்ரோல் எவ்வளவு இருக்கு?"

"ஒரு லிட்டர் இருக்கும். போகும்போது போட்டதுதான்."

"அதான் அக்கா விஷயம். மூடியைத் திறந்து மோந்து பாருங்க."

"ஐய! பெயின்ட் வாடை மாதிரி அடிக்குதே!"

அந்த மெக்கானிக் சொன்னது சரி. முதல் சோதனை மூக்குதான். புதுப் பெட்ரோலின் வாடை கூர்மையாக இருக்கும். பழையது வார்னிஷ் போல, புளித்தது போல அடிக்கும். ஆனால் மூடிக்கு மேல் மூக்கை வைத்து இழுத்து மோக்கக் கூடாது. கையால் காற்றை விசிறி லேசாகப் பார்த்தால் போதும்.

சோக் போட்டால் ஓடி, எடுத்தால் நிற்பதும் ஒரு நல்ல அடையாளம். சின்ன ஜெட் அடைத்திருக்கிறது என்று பொருள்.

இன்னொரு சோதனை கண்ணாடிப் பாட்டில். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் ஒரு திருகு உண்டு. பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு அந்தத் திருகைத் தளர்த்தினால் கிண்ணத்தில் உள்ளது வெளியே வரும். அதைச் சிறு கண்ணாடிப் பாட்டிலில் பிடியுங்கள். பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். நல்ல பெட்ரோல் தெளிவாக இருக்கும். பழையது தேநீர் டிகாக்ஷன் நிறத்துக்குப் போயிருக்கும். அடியில் தனியாக ஒரு திரவம் கோடு பிரித்து நின்றால் அது தண்ணீர், அல்லது தண்ணீரும் எத்தனாலும். சிவப்புத் தூள் தெரிந்தால் துரு.

இதற்கு முன்னால் ஒன்று பாருங்கள். விளக்கு எரிகிறதா? ஹாரன் அடிக்கிறதா? பிளக் நனைந்து கரி பிடித்திருக்கிறதா? பேட்டரி செத்த வண்டிக்குப் பெட்ரோல் மாற்றி என்ன பயன்?

பங்கிலேயே கலப்படப் பெட்ரோல் கொடுத்துவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தால் அது வேறு விஷயம். அங்கேயே ஃபில்டர் தாள் கேளுங்கள். கேட்க நமக்கு உரிமை உண்டு. தாளில் ஒரு சொட்டு விட்டால் நல்ல பெட்ரோல் கறை இல்லாமல் ஆவியாகிவிடும். கறை தங்கினால் புகார் செய்யலாம். நுகர்வோர் உதவி எண் 1915.

என்ன செய்யலாம்?

ஒரு மாதம், ஒன்றரை மாதம் நின்ற வண்டிக்குப் பெரிய வைத்தியம் வேண்டாம். கிண்ணத்தில் உள்ளதை மட்டும் வடித்துவிடுங்கள். பழையதைப் போல மூன்று நான்கு மடங்கு புதுப் பெட்ரோல் ஊற்றுங்கள். சோக் போட்டுக் கிளப்புங்கள். கிளம்பியதும் உடனே ஓடாமல் சிறிது நேரம் எஞ்சின் சூடாகட்டும். பெரும்பாலும் சரியாகிவிடும்.

வாடை மாறியிருந்தால், அடியில் தண்ணீர் தெரிந்தால், ஆறு மாதம் கடந்திருந்தால் டேங்கைக் காலி செய்ய வேண்டும். கெட்டதோடு நல்லதைக் கலந்தால் நல்லதும் வீண். கார்புரேட்டர் வண்டியில் இது எளிது. டேப்பிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றுங்கள். அதன் முனையை மூடி உள்ள இரும்பு டப்பாவுக்குள் விடுங்கள். டேப்பை ரிசர்வில் வையுங்கள். ஏன் ரிசர்வ்? டேப்புக்கு மேலே டேங்குக்குள் இரண்டு வழிகள் உண்டு. சாதாரண வழி சற்று உயரத்தில் இருக்கும். ரிசர்வ் வழி அடியில் இருக்கும். அடியில் கிடக்கும் தண்ணீர் ரிசர்வ் வழியாகத்தான் வெளியேறும். வண்டி திடீரென்று ரிசர்வுக்கு வந்தபோது மட்டும் முக்குகிறதா? அதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

ஜெட் அடைத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். இங்கே பலர் ஊக்கையோ தையல் ஊசியையோ விட்டுக் குத்துகிறார்கள். ஜெட் பித்தளை. மென்மையானது. ஊசி பட்டால் ஓட்டை பெரிதாகும். பிறகு வண்டி பெட்ரோலைக் குடிக்கும். இதற்கென்று கார்புரேட்டர் சுத்தம் செய்யும் ஸ்பிரே ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். அதை அடித்து ஊறவிட்டு, பங்க்சர் கடைக் காற்றுக் குழாயால் ஊதினால் போதும். பழக்கம் இல்லாவிட்டால் மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது.

மண்ணெண்ணெய் கொஞ்சம் சேர்த்தால் பழைய பெட்ரோல் சரியாகும் என்று சொல்பவர்கள் உண்டு. அது பொய். எஞ்சினில் கரி பிடிக்கும், தட்டும் சத்தம் வரும். பழையதைப் புதிதாக்கும் மருந்து எதுவும் கடையில் இல்லை. பெட்ரோல் கெடாமல் இருக்க ஊற்றும் மருந்து ஒன்று உண்டு. அதைப் புதுப் பெட்ரோலில் முன்கூட்டியே ஊற்ற வேண்டும். கெட்டபின் ஊற்றினால் காசுக்குக் கேடு.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 என்ற புதிய புகை விதி வந்தது. அதன்பின் வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டர் இல்லை. பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இருக்கிறது. டேங்குக்குள்ளேயே மோட்டார் பம்பு இருக்கிறது. சாவி போட்டதும் இரண்டு நொடி "ங்ஙீ" என்று கேட்கிறதே, அதுதான் பம்பு. இந்த வண்டிகளில் கிண்ணம் வற்றிக் கோந்து பிடிக்கும் தொல்லை குறைவு. ஆனால் அடைத்துக்கொண்டால் நாம் கை வைக்க முடியாது. சர்வீஸ் கடைக்குத்தான் போக வேண்டும். கிளம்பவில்லை என்று செல்ஃப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால் பேட்டரியும் போகும். மூன்று நான்கு முறை பார்த்துவிட்டு நிறுத்திவிடுங்கள்.

வாயால் உறிஞ்சாதீர்கள்

டேங்கிலிருந்து பெட்ரோல் எடுக்கக் குழாயை வாயில் வைத்து உறிஞ்சுகிறார்கள். நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். சினிமாவிலும் வருகிறது. இது உயிருக்கு உலை வைக்கும் பழக்கம்.

பெட்ரோல் வயிற்றுக்குள் போவதைவிட நுரையீரலுக்குள் போவதுதான் பெரிய ஆபத்து. ஒரு வாய் பெட்ரோலில் புரை ஏறினால் சில துளிகள் நுரையீரலுக்குள் போகலாம். அங்கே புண்ணாகி, நீர் கோத்து, மூச்சு முட்டும். சில மணி நேரம் கழித்துக்கூட இது தெரியவரும்.

யாராவது பெட்ரோலை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள். தொண்டைக்குள் விரல் விடாதீர்கள். வாந்தி வரும்போது பெட்ரோல் மறுபடியும் மேலே ஏறி நுரையீரலுக்குள் போகும். வாயை மட்டும் கொப்பளிக்கச் சொல்லுங்கள். 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். குளிர்பானப் பாட்டிலில் பெட்ரோல் பிடித்து வைக்காதீர்கள். குழந்தைக்கு அது குளிர்பானமாகத்தான் தெரியும்.

அடுத்தது தீ. பெட்ரோல் குளிரிலும் ஆவியாகும். ஐஸ் பெட்டியின் குளிரைவிட அதிகக் குளிரிலும் அதன் ஆவி தீப்பற்றும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது. தரையோடு தரையாகத் தண்ணீர் போலப் பரவும். நீங்கள் வாசலில் பெட்ரோல் வடிப்பீர்கள். ஆவி தவழ்ந்து சமையல் அடுப்புக்குப் போகும். அங்கிருந்து நெருப்பு திரும்பி வரும்.

பெங்களூரில் பல வரிசை வீடுகளில் திருட்டுக்குப் பயந்து வண்டியை வீட்டு நடையிலேயே நிறுத்துகிறோம். பக்கத்திலேயே கேஸ் சிலிண்டர் இருக்கும். சாமி விளக்கு எரியும். அங்கே பெட்ரோல் டேங்கைத் திறக்கவே கூடாது. வண்டியைத் திறந்த வெளிக்குத் தள்ளிக்கொண்டு போங்கள். பகலில் செய்யுங்கள். பீடி, சிகரெட் கூடாது. எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால் பெட்ரோல் தண்ணீர் மேல் மிதந்து தீயைப் பரப்பும்.

டேங்குக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தீக்குச்சி கிழித்துப் பார்ப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். டார்ச் போதும். அதையும் மூடியை விட்டுத் தள்ளியே பிடியுங்கள். காலி டேங்க் தானே என்று ஓட்டைக்கு வெல்டிங் வைக்கக் கொடுப்பதும் ஆபத்து. காலி டேங்கில் பெட்ரோல் இல்லை, ஆவி இருக்கிறது. வெடிப்பதற்கு ஆவிதான் வேண்டும்.

உடம்பில் தீப்பட்டால் ஓடாமல் தரையில் உருள வேண்டும். தீ அணைந்ததும் புண்ணின் மேல் சாதாரணக் குழாய்த் தண்ணீரை இருபது நிமிடம் ஊற்ற வேண்டும். மை, பற்பசை எதுவும் தடவாதீர்கள். பெங்களூர் விக்டோரியா அரசு ஆஸ்பத்திரியில் தீப்புண்ணுக்குத் தனிப் பிரிவு இருக்கிறது.

வடித்த பெட்ரோலை என்ன செய்வது?

சாக்கடையில் ஊற்றக் கூடாது. ஊற்றினால் மூடிய சாக்கடைக்குள் ஆவி தேங்கும். யாரோ ஒருவர் போட்ட பீடித் துண்டு போதும். நம் நகரத்துச் சாக்கடை ஏரியில் போய்ச் சேர்கிறது என்பதையும் நினையுங்கள். கழிவு சேர்ந்து சேர்ந்து பெல்லந்தூர் ஏரி என்ன ஆயிற்று? 2015-லும் 2017-லும் 2018-லும் அங்கே தீப்பிடித்தது. தண்ணீர் நிற்கும் இடத்தில் தீ!

மண்ணில் ஊற்றினால் கிணற்றுக்கும் போர் தண்ணீருக்கும் கேடு. மெக்கானிக் கடையில் கேளுங்கள். இரும்புப் பாகங்களைக் கழுவப் பலர் வாங்கிக்கொள்வார்கள். பழைய ஆயிலை எடுத்துப்போக அனுமதி பெற்றவர்கள் வரும் கடையாக இருந்தால் இன்னும் நல்லது. எப்படியும் அதை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஊருக்குப் போவதற்கு முன்

ஒரு மாதத்துக்கு மேல் வண்டி நிற்கும் என்று தெரிந்தால் கால் மணி நேர வேலை இருக்கிறது.

டேங்கை நிரப்புங்கள். காசு முடங்குகிறதே என்று தோன்றும். ஆனால் நிறைந்த டேங்கில் காற்றுக்கு இடம் இல்லை. ஈரத்துக்கும் இடம் இல்லை. துருவும் பிடிக்காது. கழுத்து வரை ஊற்றாமல் இரண்டு விரல் இடம் விடுங்கள். வெயிலில் பெட்ரோல் விரியும்.

கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு எஞ்சினை ஓட விடுங்கள். சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். கிண்ணம் காலி என்று பொருள். இந்த ஒரு வேலையைச் செய்துவிட்டால் ஜெட் அடைக்கும் தொல்லை பெரும்பாலும் வராது. இவ்வளவு எளிய வேலையைப் பலர் செய்வதில்லை என்பதுதான் வியப்பு. டேப் இல்லாத வண்டிகளில் இதைச் செய்ய முடியாது.

மூடியைத் திறந்து அதைச் சுற்றியுள்ள பள்ளத்தைப் பாருங்கள். பல வண்டிகளில் அங்கே ஒரு சிறு துவாரம் இருக்கும். மூடியின் மேல் விழும் மழைத்தண்ணீர் அதன் வழியாகக் குழாயில் இறங்கித் தரைக்குப் போகும். அதில் மண் அடைத்தால் தண்ணீர் மூடியைச் சுற்றித் தேங்கும். ரப்பர் வளையம் வெடித்திருந்தால் நேரே டேங்குக்குள் இறங்கும். பெங்களூரில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை. வெளியில் நிற்கும் பல வண்டிகளின் டேங்கில் தண்ணீர் சேர்வது இந்த வழியில்தான். ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் துவாரம் திறந்துகொள்ளும். பிறகு நிழலில் நிறுத்தி மேலே ஒரு தார்ப்பாயைப் போடுங்கள்.

நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம். பதினைந்து நாளுக்கு ஒரு முறை இருபது நிமிடம் ஓட்டச் சொல்லுங்கள். நின்ற இடத்தில் இரண்டு நிமிடம் உறுமவிட்டு அணைப்பது போதாது. சைலன்சருக்குள் ஈரம்தான் சேரும். அவரிடம் லைசென்ஸ் இருக்கிறதா, வண்டியின் இன்சூரன்ஸ் முடியவில்லையா என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள்.